இறக்கையைக் கிள்ளிவிட்டு

காலை ஏழரைக்கே தொடங்கிவிடும்.
"என் பூனை தின்றுவிட்டது" என்பார்கள்.
எதை என்று நான் கேட்பதில்லை.
சின்சினாட்டியில் இது மே மாதம்.
பதினேழு வருடம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு
ஒரே வாரத்தில் ஏறி வந்திருக்கின்றன சில்வண்டுகள்.
மேப்பிள் மரத்தில், கார் வைப்பரில்,
தபால்காரரின் காலருக்குள்.
பேசுகிறவரின் குரலுக்குப் பின்னால்
அவை கத்துவது எனக்குக் கேட்கும்.
எங்கள் ஜன்னலில் கத்துவது
அவருக்குக் கேட்கும்.
நடுவில் நானும் கத்துவேன்:
விஷமில்லை!

விஷமில்லை, திருமதி ஃபென்விக்.
ஓடு செரிக்காது, அவ்வளவுதான்.
இரண்டு மூன்று என்றால் கவலை வேண்டாம்.
முப்பதா? எண்ணினீர்களா?
அப்படியானால் கம்பளத்தைச் சுருட்டி வையுங்கள்.

அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு ஒரு சிறுவன்
கிசுகிசுக்கிறான்: செத்துப்போகுமா?
ஒரு பெண்மணிக்குத் தெரிய வேண்டியது,
உயிரோடு தின்றதற்குப் பூனை வருந்துமா என்று.
ஒருவர் என்னைத் திட்டுகிறார்,
நான்தான் அவற்றைத் தோண்டி விட்டதுபோல.

தேனீ என்றால் முகம் வீங்கும், உடனே கூட்டி வாருங்கள்.
கம்பளிப்புழு என்றால் எச்சில் வழியும்.
மின்மினி வேண்டாம், அழகாக இருந்தாலும்.
எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்:
பக்கத்து வீட்டில் மருந்து அடித்தார்களா?
பூச்சி அநேகமாகக் கொல்வதில்லை.
பூச்சியைக் கொன்றது கொல்லும்.

ஜூன் ஒன்பது, கதவைச் சாத்தும் நேரம்,
ஓட்டிஸ் கிரோனிங்கர்.
அந்தக் கோப்பை நான் திறக்க வேண்டியதில்லை:
மேபல், பதினைந்து வயது, சிறுநீரகம்,
ஐந்து நாளாய் உணவு தொடவில்லை.
வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தோம்.
எதற்கு என்று நாட்காட்டியில் எழுதவில்லை நான்.
பச்சை மையில் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.

"தின்றுவிட்டாள்" என்றார்.
விஷமில்லை, என்றது என் வாய்.
"அது எனக்குத் தெரியும், கேளுங்கள்.
வாசல் பலகையில் ஒன்று மல்லாந்து சுற்றிக்கொண்டிருந்தது.
படுத்தபடியே பாதத்தை அதன்மேல் வைத்தாள்.
மொறுக்.
ஐந்து நாளில் அந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.
அப்புறம் இன்னொன்று.
அப்புறம் என்னைப் பார்த்தாள்."
பின்னணியில் அவருடைய மரங்கள் முழுதும் அலறின.
"இதை உறையவைக்கலாமா?"

பதினோரு வருட வேலையில்
யாரும் கேட்காத கேள்வி.
இருங்கள் என்று சொல்லி உள்ளே போனேன்.
டாக்டர் ஹாக்ஸ்டெட்லர் ஒரு முயலின் பல்லை
ராவிக்கொண்டிருந்தார்.
நிமிராமலே கணக்குப் போட்டார்:
பாஸ்பரஸ், புரதம், ஓடு,
வியாழக்கிழமை.
முயல் ஒருமுறை உதைத்தது.
"இறக்கையைக் கிள்ளிவிட்டு" என்றார். "காலையும்.
நாளுக்கு மூன்று.
மருந்தடிக்காத புல்லிலிருந்து மட்டும்."

கிரோனிங்கரின் தெரு எனக்குத் தெரியும்.
அங்கே புல்வெளிக்குப் புல்வெளி
சின்ன மஞ்சள் கொடி நட்டிருப்பார்கள்:
குழந்தைகளும் பிராணிகளும் மிதிக்க வேண்டாம்.

எனக்குப் பூச்சி என்றால் கூசும்.
பிரசவ வார்டில் இருந்தபோதுகூட
ஒரு அந்துக்காக அலறியவள் நான்.
ஆனாலும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம்,
யாரும் எதுவும் அடிக்காத வேலியோரம்,
இரண்டு கையுறை ஒன்றன்மேல் ஒன்றாய் மாட்டி,
சிறுநீர் மாதிரி எடுக்கும் குப்பிகளில்
பொறுக்கினேன்.
சிவந்த கண்கள். பிடிக்கப் பிடிக்க
ஓடாத சோம்பேறிகள்.
இத்தனை காலம் காத்து வந்ததற்கு
இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை இருந்திருக்கலாம்.

பச்சைப் புள்ளியை ரப்பரால் தேய்த்தேன்.
மை போகவில்லை, தாள்தான் மெலிந்தது.
அடுத்த வியாழனில் ஒன்று வைத்தேன்,
அதற்கடுத்த வியாழனில் இன்னொன்று.

ஜூலையில் ஒருநாள் ஊர் சட்டென்று ஓய்ந்தது.
தொலைபேசியில் எல்லோரும்
பழையபடி உண்ணி பற்றிக் கேட்டார்கள்.
அவர் அழைத்தபோது
குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.
"பையில் பதினான்கு மிச்சம்" என்றார்.
சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்.
நான் மேபலைப் பற்றிக் கேட்கவில்லை.
பேனா எடுத்து ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன்:
நாளுக்கு மூன்று என்றால்
ஐந்தாம் நாள்
இரண்டுதான்.